அடுத்த அறைக் குறட்டை: ஒரு கதை, முடிவு நீங்கலாக

1

இந்தக் கதை ஒரு குறட்டையிலிருந்து பிறந்தது. கதைகள் கண்ணீரிலிருந்து பிறக்கும், கனவிலிருந்து பிறக்கும் என்று சொல்லிக்கொள்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். எனக்கு வாய்த்தது குறட்டை. அதுவும் என் வீட்டுக் குறட்டை இல்லை, சுவருக்கு அந்தப் பக்கத்தது.

எங்கள் மாடியில் மூன்று வீடுகள். ஒன்று என்னுடையது. இரண்டாவதில் அக்குபங்சர் செய்யும் பெண்மணி. வாசல் பலகையில் நீளமாக ஒரு பட்டம் போட்டிருக்கிறார். மாடியில் எல்லோருக்கும் அவர் ஊசி டாக்டர். என் எழுத்து மேசையும் அவருடைய நோயாளிக் கட்டிலும் ஒரே சுவரின் இரண்டு பக்கங்கள். மூன்றாவது வீட்டில் மருந்துக்கடை அக்காவும் அவள் வீட்டுக்காரரும். அவர்கள் சமையலறை ஜன்னலும் என் சமையலறை ஜன்னலும் நேருக்கு நேர். நடுவில் காற்றுக்காக விட்ட ஒரு பொந்து. காற்று வருவதில்லை, செய்தி வருகிறது.

(நான் ஒட்டுக்கேட்பவள் என்று முடிவு கட்டுவதற்குள் சொல்லிவிடுகிறேன். ஒட்டுக்கேட்பவள் காதைச் சுவரில் வைக்க வேண்டும். என் காது என் தலையில்தான் இருந்தது. சுவர் மெல்லிசு.)

குறட்டை விட்டது மருந்துக்கடை அக்கா. தான் தூங்கி இரண்டு வருஷம் ஆகிறது என்று கட்டடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தவள். கதைக்கு இது போதும் என்று தோன்றியது. உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "தூக்கம் என்பது ஒரு நதி. அதன் கரையில் அவள் —" அடித்துவிட்டேன். எங்கள் கட்டடத்தில் குழாயில் தண்ணீர் வருவதே பெரும்பாடு.

இரண்டாவது தொடக்கம்: "அவள் இரண்டு வருஷமாகத் தூங்கவில்லை." இது அக்காவின் வாக்குமூலம். சுவர் வேறு சொல்கிறது. சாட்சிகள் முரண்படும்போது கதாசிரியர் ஒரு பக்கம் சாயக் கூடாது.

மூன்றாவது தொடக்கம்தான் நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருப்பது. இதைவிட நல்லது வந்தால் மாற்றிவிடுவேன்.

2

அக்காவை ஒரு பாத்திரமாக எழுதுவதில் எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. நம்பும்படியாக இல்லை. சுற்றிலும் அலமாரி அலமாரியாகத் தூக்க மாத்திரை வைத்துக்கொண்டு ஒருத்தி தூங்காமல் இருப்பாளா? அவளையே கேட்டேன்.

"ஏன்க்கா, ஒண்ணு போட்டுக்க வேண்டியதுதானே?"

"அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது. நீ வேணா போட்டுக்கோ."

இப்படிப் பேசுகிறவள் ஊசி டாக்டரிடம் போனது எப்படி என்றால், லிஃப்ட் ஓடாத ஒரு நாள் படி ஏறி மூச்சு வாங்கி, டாக்டர் வாசலில் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள், அவ்வளவுதான். உட்கார்ந்தவளை டாக்டர் உள்ளே கூப்பிட்டுவிட்டார். அந்த உரையாடல் சுவர் வழியே அப்படியே வந்தது. ஒரு வார்த்தை நான் சேர்க்கவில்லை.

"ஊசியில என்ன மருந்து?"

"மருந்து எதுவும் இல்லைங்க. வெறும் ஊசிதான்."

"வெறும் ஊசியா?"

"ஆமாங்க. மணிக்கட்டுல, புருவத்துக்கு நடுவுல, உச்சந்தலையில. கொஞ்ச நேரம் அப்படியே விட்டு வைப்பேன்."

"வயசெல்லாம் மருந்து வித்தே போச்சு எனக்கு. மருந்தே இல்லாம ஒருத்தரைப் படுக்க வைக்கலாம்னு எந்தக் கம்பெனிக்காரனும் சொல்லலையே."

"சொன்னா அவன் எதை விப்பான்?"

பிறகு கட்டில் கிரீச்சிட்டது. பிறகு குறட்டை.

அன்று மதியம் மாடிப்படியில் பிடித்துக்கொண்டேன். "நல்லாத் தூங்கினீங்க போல?"

"எங்க தூங்கினேன்? கண்ணை மூடிட்டிருந்தேன்."

"குறட்டை கேட்டுச்சே?"

"அது டாக்டரம்மாவா இருக்கும்."

* தூங்கிக்கொண்டே விழித்திருப்பதாக நினைக்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு என்று டாக்டர் பின்னால் என்னிடம் சொன்னார். அவர்களிடம் போய் 'நீங்கள் தூங்கினீர்கள்' என்று சொல்லக் கூடாதாம். கோபம் வந்து அதனால் தூக்கம் கெடுமாம்.

3

இதுவரை எழுதியதை வைத்து இது ஒரு சிரிப்புக் கதை என்று நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அக்காவின் பயம் தூக்கத்தைப் பற்றியது இல்லை. அவள் அம்மாவுக்கு முதலில் தூக்கம் போனது. அப்புறம் பாத்திரங்களின் பெயர் போனது. அப்புறம் வழி. கடைசியில் ஒரு நாள், சோறூட்டிக்கொண்டிருந்த மகளின் கையைப் பிடித்து, "யாரு வீட்டுப் பொண்ணும்மா நீ? எவ்வளவு நல்லாப் பாத்துக்கற. உங்க அம்மா குடுத்து வெச்சவங்க" என்று சொன்னாராம். அக்கா இதை என்னிடம் ஒரு முறைதான் சொன்னாள். சொல்லிவிட்டு, "கடைக்கு நேரமாச்சு" என்று போய்விட்டாள்.

இன்னொரு நாள் சொன்னாள்: "மத்தவங்களுக்கு மறதி வந்தா சாவியைத் தேடுவாங்க. எனக்கு வந்தா ஒருத்தருக்குப் போக வேண்டிய மாத்திரை இன்னொருத்தருக்குப் போயிடும். நான் வீட்ல உக்காந்து எதையோ மறந்துட்டேன்னு சிரிச்சிட்டிருப்பேன், அங்க ஆள் போயிருக்கும்."

இந்த இடத்தில் கதை கொஞ்சம் கட்டுரையாகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், அல்லது நான்காம் பகுதிக்குத் தாவிவிடுங்கள். எனக்குத் தெரியப்போவதில்லை.

ஆழ்ந்த தூக்கத்தில் மூளை தன் பகல் நேரக் கழிவைக் கழுவித் தள்ளுகிறது என்று ஆராய்கிறவர்கள் சொல்கிறார்கள். வருஷக்கணக்கில் சரியாகத் தூங்காதவர்களுக்குப் பின்னாளில் மறதி நோய் வருவது கூடுதலாகக் காணப்படுகிறது என்றும் சொல்கிறார்கள். ஆனால் தூக்கம் கெட்டதால் மறதி வந்ததா, வரப்போகிற மறதிதான் முன்கூட்டியே ஆளனுப்பித் தூக்கத்தைக் கெடுத்ததா என்று கேட்டால் அங்கே ஒருமித்த பேச்சு இல்லை. ஊசியைப் பற்றிக் கேட்டால், சிலருக்குத் தூக்கம் தேறுகிறது என்கிறார்கள். குத்துவது போலப் பாவனை செய்தாலும் ஓரளவு தேறுகிறது என்றும் அவர்களே சொல்கிறார்கள்.

ஊசி டாக்டரையே கேட்டேன். அவர் பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா, ஊசி போட்டா வயசான காலத்துல மூளை கெடாம இருக்குமா?"

"தூக்கம் வரும். எல்லாருக்கும் இல்ல."

"நான் மூளையைக் கேட்டேன்."

"இருபது வருஷம் கழிச்சு எப்படி இருக்கும்னு தெரியணும்னா இருபது வருஷம் கழிச்சு வாங்க."

"அப்ப அக்காகிட்ட என்ன சொன்னீங்க?"

"அவங்க கேக்கல. படுத்ததும் தூங்கிட்டாங்க."

எனக்குப் புரியாதது ஒன்றுதான். அங்கே படுத்ததும் தூங்குகிறவள் தன் வீட்டுக் கட்டிலில் ஏன் புரண்டுகொண்டே இருக்கிறாள்? கட்டிலில் கோளாறா, வீட்டிலா?

4

வீட்டில்தான். இப்போது வீட்டுக்காரர் வருகிறார்.

அவர் வேலையில் இருந்த காலம் முழுக்கத் தேர்வுகளுக்குக் கேள்வித்தாள் தயாரித்தவர். எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தியதில்லை. பாடம் நடத்தியவர்கள் ஒழுங்காக நடத்தினார்களா என்று பார்க்கும் ஆள். கட்டடத்தில் அவருக்குப் பெயரே கேள்வித்தாள் சார். சாதுவான மனிதர். லிஃப்டில் ஏறினால்கூட "எந்த மாடி? மூணா, நாலா?" என்று விருப்பத் தேர்வு கொடுத்துத்தான் கேட்பார்.

ஒரு காலை, அக்கா கடைக்குப் போன பிறகு, சார் அவளுடைய மாற்று மூக்குக்கண்ணாடியை எடுத்துச் சர்க்கரை டப்பாவுக்குள் வைத்து மூடியதை நான் பார்த்தேன். (காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஜன்னல் எதிரில் இருந்தது. அவ்வளவுதான்.) இரண்டு நாள் கழித்து, கடைச் சாவியின் இன்னொரு கொத்து அவளுடைய செருப்புக்குள் போனது. பிறகு சுவரிலிருந்த அக்காவின் அண்ணன் மகள் புகைப்படம் தலைகீழானது.

இதற்கு நான் எழுதிப்பார்த்த விளக்கங்கள்: (அ) அவளைப் பைத்தியமாக்கிவிட்டு வீட்டை — அடித்துவிட்டேன், வீடு வாடகை வீடு. (ஆ) வேறொரு பெண் — அடித்துவிட்டேன், வேறொரு பெண்ணுக்கும் சர்க்கரை டப்பாவுக்கும் என்ன சம்பந்தம்? (இ) கேட்டுவிடுவது.

கேட்டுவிட்டேன்.

"சார், அக்கா கண்ணாடிக்குச் சர்க்கரை ஆகாது."

அவர் வெலவெலத்துப் போனார். லிஃப்டுக்குள் இழுத்து, கதவு மூடும் வரை காத்திருந்து சொன்னார்: "பரீட்சைம்மா."

"என்ன பரீட்சை?"

"அவ அம்மா கதை உனக்குத் தெரியும்ல? அப்படி வருதான்னு ரெண்டு வருஷமாப் பாக்கறேன். பொருளை மாத்தி வெச்சா எவ்வளவு நேரத்துல கண்டுபிடிக்கிறா, எங்க தேடறா, முன்னாடி எங்க இருந்துச்சுன்னு சொல்றாளா... மனசுலயே மார்க் போட்டுக்கறேன்."

"அவங்ககிட்ட சொல்லிட்டுச் செய்யலாமே?"

"முன்கூட்டியே தெரிஞ்சா அது பரீட்சையா?"

"எவ்வளவு மார்க்?"

முகம் மலர்ந்தது. "பிரமாதம். எப்பவுமே முதல் வகுப்புக்குக் கீழ வந்ததில்ல. ஆனா பாரு, ஒவ்வொரு தடவையும் கண்டுபிடிச்சதும் அப்படியே உக்காந்துடறா. அது மட்டும் ஏன்னு புரியல."

தன் கண்ணாடியைச் சர்க்கரைக்குள்ளிருந்து எடுக்கிற ஒருத்தி ஏன் அப்படியே உட்கார்ந்துவிடுகிறாள் என்பது உங்களுக்குப் புரிகிறது, எனக்குப் புரிகிறது. காலமெல்லாம் கேள்வி மட்டுமே கேட்டவருக்குப் புரியவில்லை. அவர் கொடுமைக்காரர் இல்லை. மனைவியைத் தொலைத்துவிடுவோமோ என்று பயந்தவர். தொழில் தெரிந்த வழியில் பயந்தார்.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டார். வாக்கு கொடுத்தேன். இந்தக் கட்டடத்தில் என்னிடம் வாக்கு வாங்கிய முதல் ஆள் அவர். மற்றவர்கள் விவரம் தெரிந்தவர்கள்.

5

அப்புறம்தான் இஸ்திரிப் பெட்டி.

அக்கா காலையில் வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். சார் தன் சட்டையைப் போட்டு முடித்தார். பெட்டியைக் கையில் எடுத்தார். ஃபிரிட்ஜைத் திறந்தார். உள்ளே வைத்தார். மூடினார். பிறகு எதற்கு வந்தோம் என்பது போல அங்கேயே நின்றுவிட்டு, ஒரு தம்ளர் தண்ணீர் குடித்து, வெளியே கிளம்பிப் போனார். 'இந்த முறை கேள்வி கொஞ்சம் கடினம்' என்று நினைத்துக்கொண்டு நான் வெங்காயத்தை முடித்தேன்.

மதியம் அக்கா வந்து ஃபிரிட்ஜைத் திறந்தாள். வெண்ணெய் உருகித் தட்டு தட்டாக இறங்கி, கீழே கீரையில் உறைந்திருந்தது. நடுவில் பெட்டி, வயர் சுற்றி ஒழுங்காக.

சாயங்காலம் ஊசி டாக்டரின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நானும் போய் உட்கார்ந்தேன்.

"கடைக்கு வேற ஆள் சொல்லிட்டேன்மா. திங்கக்கிழமை வர்றாங்க. சின்னப் பொண்ணு. ஒரு வாரம் கூட இருந்து வேலையைச் சொல்லிக் குடுத்துட்டு வந்துடுவேன்."

"ஏன்க்கா? கடையில ஏதாவது தப்பு...?"

"இதுவரைக்கும் இல்ல. டாக்டர் சீட்டை மூணு தடவை பாத்துத்தான் மாத்திரை குடுக்கறேன். ஆனா சூடான பெட்டியை ஃபிரிட்ஜுல வெச்சிருக்கேன்மா. வெச்சது துளிகூட ஞாபகமில்ல. மேசையில வெச்சேன்னு சத்தியம் பண்ணுவேன். அம்மாவும் இப்படித்தான் சத்தியம் பண்ணுவாங்க." பிறகு தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கடைய விட்டா நான் யாருன்னு எனக்கே தெரியல. அதையும் எப்ப மறக்கப் போறேனோ."

நான் வாக்கு கொடுத்தவள் என்பது அப்போது ஞாபகம் வந்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை கொடுத்தேன், அதற்கு இந்த விலை.

6

இங்கே மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன்.

முதல் முடிவில் நான் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். அவள் அழுது — வேண்டாம், கதாசிரியர் தானே வந்து காப்பாற்றும் கதைகளை எனக்குப் பிடிக்காது.

இரண்டாவதில் ஊசி டாக்டர் நாடி பார்த்தே கண்டுபிடிக்கிறார். நாடியில் சர்க்கரை டப்பா தெரியாது.

மூன்றாவதில் திங்கள்கிழமை வருகிறது, அக்கா சாவியைக் கொடுக்கிறாள், ஜன்னல் வழியே வெளிச்சம் விழு — எந்த ஜன்னல்? பொந்துதானே.

கடைசியில் நான்காவதாக ஒன்றைச் செய்தேன். சாரைப் படியில் மடக்கி, "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றேன்.

"நிறுத்திட்டேன்மா. அந்தப் பெட்டிக்கு அப்புறம் ஒண்ணுமே வெக்கல" என்றார். முகம் வெளிறியிருந்தது. தான் எல்லை மீறிவிட்டதை உணர்ந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். "சொல்லிடறேன். ஆனா நல்ல சமயம் பாத்துச் சொல்லணும்."

7

அவர் தேர்ந்தெடுத்த நல்ல சமயம்: அக்கா கட்டிலில் மல்லாந்து, நெற்றியிலும் தலையிலும் கைகளிலும் ஊசியோடு அசையாமல் கிடந்த சமயம். டாக்டர் வெளியே வந்திருந்தார். நான் மேசையில் இருந்தேன். சுவர் இருந்த இடத்திலேயே இருந்தது.

"என்னங்க, இங்க எங்க வந்தீங்க?"

"சும்மாதான். நீ பேசாத, நான் பேசறேன். உன் கண்ணாடி சர்க்கரை டப்பாவுல இருந்துச்சே. அது நான் வெச்சது."

"சாவி?" என்றாள் அக்கா.

"நான்தான்."

"அண்ணன் பொண்ணு போட்டோ?"

"அதுவும். நீ அன்னைக்கே கண்டுபிடிச்சுட்ட. நல்ல மார்க்."

"மார்க்கா?"

"மனசுலதான் போட்டேன்."

"நான் எந்திரிச்சேன்னா..."

"எந்திரிக்கக் கூடாது. உச்சந்தலையில ஊசி இருக்கு."

"அதுக்குத்தான் இப்ப வந்தீங்களா?"

"ஆமா."

கட்டில் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பு. ஊசியை ஆட்டாமல் சிரிக்க ஒருத்தி படுகிற பாடு சுவர் வழியே வந்தது. "பைத்தியக்கார மனுஷா, நான் தூங்காம கிடந்ததெல்லாம் இதுக்கா? என் அம்மா மாதிரி ஆயிட்டேன்னு... ஐயோ, டாக்டரம்மா, யாராவது இவரைப் பிடிச்சு வெளிய தள்ளுங்க." சிரித்து ஓய்ந்து கேட்டாள்: "எல்லாம் சரி. சூடான பெட்டியை வெச்சீங்களே, கை வெந்திருந்தா?"

"பெட்டியா? அது நான் இல்லம்மா."

"விளையாடாதீங்க."

"நிஜமா. சூடான பொருளை வெச்சுக் கேள்வி கேப்பேனா? பாடத்திட்டத்துலயே இல்லாதது அது. அன்னைக்குத்தான் எனக்கே பயம் வந்துச்சு. அதுக்கு அப்புறம்தான் நிறுத்தினேன்."

* அவருக்குப் பொய் வராது. வாழ்நாளெல்லாம் விடைகளை ஒளித்து வைத்தாரே தவிர, தப்பான விடை கொடுத்ததில்லை. அவர் வைத்ததை நான் பார்த்தேன். அன்று அக்கா போன பிறகு சட்டை தேய்த்ததையே மறந்துவிட்டு, தான் வைக்கவில்லை என்பதை அவர் முழு மனதோடு நம்புகிறார். இரண்டும் உண்மை. நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

8

என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. அக்கா நின்றாள். உச்சந்தலையில் ஒரு ஊசி இன்னும் நின்றுகொண்டிருந்தது. பின்னாலிருந்து டாக்டர், "அக்கா, ஒண்ணு பாக்கி இருக்கு!" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தார். அதற்கும் பின்னால், அக்காவின் செருப்பைக் கையில் பிடித்தபடி சார்.

"ஏம்மா, உன் ஜன்னல் எங்க அடுப்படியைப் பாத்துத்தானே இருக்கு?"

"ஆமாக்கா."

"நீ பாக்காம இருந்திருக்க மாட்ட. உன்னை எனக்குத் தெரியும். அந்தப் பெட்டியை உள்ள வெச்சது யாரு? நானா? மழுப்பாம சொல்லு. நான்னா நான்னு சொல்லு. திங்கக்கிழமை அந்தப் பொண்ணுகிட்ட கடையைக் குடுத்துட்டு நான் பாட்டுக்கு இருந்துக்கறேன்."

அவள் தோளுக்குப் பின்னால் சார் எனக்கு ஜாடை காட்டினார். செருப்போடு கையை உயர்த்தித் தன் மார்பைத் தொட்டார். *நான்தான்னு சொல்லு.* கண்ணால் கெஞ்சினார். மனைவிக்காகத் தன் மேல் பழி போட்டுக்கொள்ள என்னிடம் ஒரு பொய் கேட்டார்.

"சார்தான்க்கா வெச்சாரு" என்றேன்.

அக்கா திரும்பினாள். "என்னங்க?"

"ஆமா, நான்தான்" என்றார் சார் உடனே. "பெட்டியை வெச்சது கொஞ்சம் ஜாஸ்தின்னு... சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அவள் அவர் கையிலிருந்து செருப்பைப் பிடுங்கினாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். போட்டுக்கொண்டாள். "இருங்க, வீட்டுக்கு வாங்க, உங்களுக்கு நான் வெக்கறேன் பரீட்சை" என்றாள். "அந்தப் பொண்ணை வர வேண்டாம்னு சொல்லணும்" என்றாள். நடையே மாறியிருந்தது. டாக்டர் பின்னாலேயே ஓடி, போகிற போக்கில் அந்தக் கடைசி ஊசியை உருவிக்கொண்டார்.

இங்கேயே நிறுத்தலாம். பத்திரிகை ஆசிரியர் இங்கே நிறுத்தச் சொல்வார். எல்லோரும் சிரித்த முகமாக இருக்கிறார்கள். அக்காவுக்கு வேலை இருக்கிறது, இனித் தூக்கமும் வரும். சொன்னதும் உண்மைதான், ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை.

ஆனால் சார் போகவில்லை. வாசலில் நின்றார். அக்கா உள்ளே போய்விட்டதைத் திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, என் பக்கம் குனிந்தார்.

"எனக்காகப் பொய் சொன்ன. மறக்க மாட்டேன்மா."

நான் கதவைச் சாத்தப் போனேன். அவர் கையால் தடுத்தார்.

"ஆனா எனக்குத் தெரிஞ்சாகணும். அவ கிட்ட சொல்ல மாட்டேன். நல்ல டாக்டரா பாத்து, இப்பவே கூட்டிட்டுப் போனா ஏதாவது செய்யலாம்ல? அதுக்குத்தான் கேக்கறேன். நீ பாத்தியா? அவதானே வெச்சா?"

[இதற்குக் கீழே ஒன்றரைப் பக்கம் இருந்தது. எடுத்துவிட்டேன். அதில் ஒரு வடிவத்தில் நான் 'ஆமாம்' என்றேன். நன்றாக இருந்த ஒருத்தியை அவர் மருத்துவமனை மருத்துவமனையாக அழைத்துக்கொண்டு அலைந்தார். இன்னொரு வடிவத்தில் 'நான் பார்க்கலை சார்' என்றேன். என்னை அறிந்த யாரும் அதை நம்பவில்லை. இன்னொன்றில் உண்மையைச் சொன்னேன். அந்த வடிவத்தில் அவர் முகம் என்ன ஆயிற்று என்று எழுத எனக்கு வரவில்லை. ஒரு தடவை பெட்டியை மாற்றி வைத்ததால் ஒருவருக்கு மறதி நோய் என்று ஆகிவிடாது. சட்டையைப் பற்றியோ, மனைவியைப் பற்றியோ நினைத்துக்கொண்டு கை போன போக்கில் வைத்திருக்கலாம். அப்படி எல்லோரும் வைக்கிறோம். அல்லது அப்படி இல்லாமலும் இருக்கலாம். சொன்னால் இனி தூக்கம் போவது அவருக்கு. சொல்லாவிட்டால் அடுத்த முறையும் அது யார் கண்ணிலும் படாமல் போகும், என் கண்ணைத் தவிர.]

இந்தக் கட்டடத்தில் நடந்த எதையும் நான் சொல்லாமல் விட்டதில்லை. கேட்காமலே சொல்கிறவள் நான். கேட்டு நிற்கிறார் ஒருவர். வாயைத் திறந்துவிட்டேன், அது வரைக்கும் எழுதிவிட்டேன். அடுத்த வார்த்தை உங்களுடையது. கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள், சுவர் மெல்லிசு.